கூலிக்கணக்கு யார் கையில்? வதன் ஊழியம் முதல் எண்ணூர் வரை, அம்பேத்கரின் வாழ்வில் ஓர் இழை

திருவொற்றியூரில் எங்களைத் தேடி வரும் டிரெய்லர் ஓட்டுநர்களிடம் நாங்கள் முதலில் கேட்பது ஒன்றைத்தான்: வேலை செய்தீர்கள் என்பதற்கு என்ன சான்று இருக்கிறது? பெரும்பாலும் சட்டைப் பையிலிருந்து ஒரு சிறிய நோட்டு வெளியே வரும். கன்டெய்னர் எண், ஏற்றிய யார்டு, இறக்கிய இடம், தேதி, டீசலுக்கு வாங்கிய முன்பணம் என்று வியர்வையில் மங்கிய வரிகள். எண்ணூர் விரைவுச் சாலையில் இரவு முழுவதும் வரிசையில் நின்று துறைமுக வாயிலுக்குள் நுழைந்த ஒருவரின் மூன்று மாத உழைப்பு அந்த நோட்டில் இருக்கிறது. வேலை கொடுத்த நிறுவனத்தின் கணக்கிலோ அவர் பெயரே இருக்காது. நிலுவைக் கூலி கேட்டு மனுச் செய்தால், அவர் எங்கள் தொழிலாளர் அல்லர், டிரிப்புக்கு இவ்வளவு என்று ஒப்புக்கொண்ட தனி ஒப்பந்ததாரர் என்று பதிலுரை வரும். சரக்குக் கிடங்கில் மூட்டை இறக்குபவருக்கும் காசிமேட்டில் ஐஸ் உடைப்பவருக்கும் இதே நிலைதான். கூலி மேஸ்திரியின் கையில், கணக்கு மேஸ்திரியின் மனத்தில். இப்படி வேலைக்கு எடுக்கப்படுவோரில் சேரியிலிருந்தும் மீனவக் குப்பங்களிலிருந்தும் வந்தவர்களே மிகுதி என்பதை இப்பகுதியை அறிந்தோருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உழைப்பை வாங்கிக்கொண்டு அதன் கணக்கை மறுக்கும் இந்த வழக்கம் கன்டெய்னரோடு வந்ததன்று. அதைச் சட்டமன்றத்தில் நேருக்கு நேர் எதிர்த்தவர் அண்ணல் அம்பேத்கர். அரசமைப்புச் சட்டத்தை வரைந்தவராக அவரை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். கூலிக்கணக்கைப் பற்றிய அவருடைய போராட்டம் அந்த வெளிச்சத்தில் மறைந்துபோகிறது. அவர் வாழ்வின் அந்த ஓர் இழையை மட்டும் இங்கே பின்தொடர்கிறோம்.

பீமராவ் 1891 ஏப்ரல் 14 அன்று மாவ் படைமுகாமில் பிறந்தார். தந்தை ராம்ஜி சக்பால் இராணுவத்தில் சுபேதாராக இருந்தவர். ஓய்வுக்குப் பின் அவருக்குக் கிடைத்த வேலை நம் இழைக்கு முக்கியமானது. சதாரா மாவட்டத்தின் கோரேகானில் பஞ்சத்தால் வாடியவர்களுக்கு வேலை கொடுப்பதற்காக அரசு ஏரி வெட்டிக்கொண்டிருந்தது. அங்கே அவர் காசாளர். 1901 கோடையில் தந்தையைக் காணச் சிறுவன் பீமராவ், அண்ணனுடனும் அக்காள் பிள்ளைகளுடனும் இரயிலேறினார். வருகையை அறிவித்த கடிதம் தந்தையின் கைக்குப் போய்ச் சேராததால் நிலையத்தில் யாரும் வரவில்லை. சாதி தெரிந்ததும் எந்த வண்டிக்காரரும் ஏற்ற மறுத்தார். இறுதியில் ஒருவர் இசைந்தார். இரட்டை வாடகை கொடுக்க வேண்டும், வண்டியைப் பிள்ளைகளே ஓட்ட வேண்டும், தாம் கூடவே நடந்து வருவார் என்பது பேச்சு. குடிக்கத் தண்ணீர் கிடைக்காமல் இரவு கழிந்தது. தீண்டாமைக்குச் சான்றாக இந்நிகழ்வு பலமுறை சொல்லப்பட்டிருக்கிறது. இதில் ஒரு கூலிக்கணக்கும் இருப்பதை நாங்கள் கவனிக்கிறோம்: வண்டி ஓட்டும் உழைப்பு பிள்ளைகளுடையது, இரட்டைக் கூலி வண்டிக்காரருடையது. சாதி, உழைப்பை ஒருவர் மேலும் ஊதியத்தை மற்றொருவர் கையிலும் வைத்தது.

1913இல் பரோடா மன்னரின் உதவித்தொகையில் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்திலும், பின்னர் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் பயின்றார். உதவித்தொகைக்கு ஈடாகப் பரோடா அரசில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் அதை நிறைவேற்றச் சென்றவருக்கு அந்நகரில் தங்க இடம் கிடைக்கவில்லை. கடைநிலை ஊழியர்கள் கோப்புகளைக் கையில் தராமல் மேசைமேல் எறிந்தனர். பம்பாய்க்குத் திரும்பிப் பங்குச் சந்தை வணிகர்களுக்கு ஆலோசனை சொல்லும் சிறு அலுவலகத்தைத் தொடங்கினார். ஆலோசகரின் சாதி தெரியவந்ததும் வாடிக்கையாளர் நின்றுபோயினர். எவரிடமும் வேலைக்கு நில்லாமல் தனித்துத் தொழில் செய்வது விடுதலை என்று இன்று நமக்கு விளம்பரம் செய்யப்படுகிறது. இரண்டு உயர்கல்வி நிலையங்களில் பொருளியல் படித்தவருக்கே அந்தத் தனித்தொழிலின் கதவைச் சாதி அடைத்தது.

அதன்பின் சைடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் பணி, மீண்டும் இலண்டன், முனைவர் பட்டம், பாரிஸ்டர் தகுதி. 1923இல் பம்பாயில் வழக்கறிஞரானார். வழக்குகள் போதிய வருவாய் தராத அந்த ஆண்டுகளில், 1925 முதல் 1928 வரை, பட்லிபாய் கணக்கியல் பயிற்சி நிலையத்தில் வணிகச் சட்டம் கற்பித்தார். ஒப்பந்தம், முகவர், கணக்கு, கடன் ஆகியவற்றை மாணவர்களுக்கு விளக்கிய அதே ஆண்டுகளில்தான் தம் மக்களின் ஒப்பந்தத்தை அவர் கையில் எடுத்தார். அதன் பெயர் மகர் வதன்.

இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். தமிழ் வாசகர்களுக்கு மகாத் குளப் போராட்டம் தெரிந்த அளவுக்கு வதன் மசோதா தெரியாது. பம்பாய் மாகாணத்தில் 1874ஆம் ஆண்டின் பரம்பரை அலுவலர் சட்டத்தின்கீழ் மகர்கள் கீழ்நிலைக் கிராம ஊழியர்கள். அரசு ஓலையைக் கொண்டுசெல்வது, வசூலான வரிப்பணத்தோடு தாலுகா அலுவலகத்துக்கு நடப்பது, முகாமிடும் அதிகாரியின் சுமையைத் தூக்குவது, ஊர் எல்லையைக் காட்டுவது, சாவுச் செய்தி சொல்வது எல்லாம் அவர்கள் கடமை. வேலை நேரம் கிடையாது. குடும்பத்தலைவர் வெளியூர் போயிருந்தால் வீட்டிலிருக்கும் வேறொருவர் போக வேண்டும். ஆக, கடமை தனிமனிதருக்கு உரியதாக இல்லாமல் குடும்பம் முழுவதன் மேலும் கிடந்தது.

ஊதியம்? ஒரு துண்டு வதன் நிலம். முன்னோருக்குக் கொடுத்த அந்நிலம் தலைமுறைதோறும் பங்காகிக் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது. அதோடு பலுதே என்னும் தானியப் பங்கு. அறுவடைக் காலத்தில் ஒவ்வொரு குடியானவரின் களத்திலும் போய் நின்று அதைப் பெற வேண்டும். வேலை வாங்கியது அரசு. தானியம் தர வேண்டியவர் குடியானவர். மகர்கள் பொதுக் கிணற்றில் நீர் எடுத்தாலோ, செத்த மாட்டைத் தூக்க மறுத்தாலோ, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினாலோ அவ்வாண்டின் தானியம் நிறுத்தப்படும். யாரிடம் முறையிடுவது? அரசைக் கேட்டால் குடியானவரைக் காட்டும். குடியானவரைக் கேட்டால் அது தம் விருப்பக் கொடை என்பார். எத்தனை நாள் உழைத்தார், எவ்வளவு நிலுவை என்பதற்கு எந்த அலுவலகத்திலும் கணக்கு இல்லை.

இந்த ஏற்பாட்டை இன்றைய தொழிலாளர் வழக்கறிஞர் எவரும் உடனே அடையாளம் காண்பார். சரக்கு நிறுவனம் போக்குவரத்து ஒப்பந்ததாரரைக் காட்டுகிறது, அவர் துணை ஒப்பந்ததாரரைக் காட்டுகிறார், அவர் மேஸ்திரியைக் காட்டுகிறார், மேஸ்திரி ஊருக்குப் போய்விட்டார். பலுதேயின் கட்டமைப்பு இதுவே.

தமிழகத்தின் தோட்டிக்கும் வெட்டியானுக்கும் இருந்த மானிய முறையும் இதற்கு நெருங்கிய உறவு. ஊதியமில்லாத கட்டாய உழைப்பைக் குறிக்கும் வெட்டி என்னும் சொல் சோழர் கல்வெட்டுகளிலேயே வருகிறது. அதே சொல் இன்று பயனற்றது என்ற பொருளில் நம் நாவில் புழங்குகிறது. கூலி கொடுக்கப்படாத உழைப்பு, காலப்போக்கில் உழைப்பே அல்ல என்று மொழிக்குள்ளும் ஆகிவிட்டது.

பம்பாய் சட்டமன்றத்தின் நியமன உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1928 மார்ச் 19 அன்று அந்த 1874ஆம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் மசோதாவைக் கொண்டுவந்தார். உணர்ச்சி உரையாக அல்லாமல் கணக்குத் தீர்வாகவே அதை அவர் வடித்திருந்தார். விரும்பும் மகர் முழு நிலவரியைச் செலுத்தி நிலத்தை வைத்துக்கொண்டு ஊழியத்திலிருந்து விலகலாம். பலுதேயைக் காசாக மதிப்பிட்டு, நிலவரியோடு சேர்த்து அரசே வசூலித்து ஊழியருக்குத் தர வேண்டும். குடியானவரின் களத்தில் கையேந்துவது இதனால் நிற்கும். தொகை அரசுக் கணக்கில் ஏறும். நிலுவைக்குப் பொறுப்பானவர் யார் என்பது எழுத்தில் வரும். உள்ளூர் ஆதிக்கத்தின் கையிலிருந்து கணக்கைப் பறித்துப் பொதுப் பதிவேட்டில் வைப்பதுதான் அம்மசோதாவின் சாரம் என்று நாங்கள் படிக்கிறோம்.

வருவாய்த் துறை கடுமையாக எதிர்த்தது. இலவசத்துக்கு நிகரான ஊழியத்தை இழந்தால் மாற்று ஊழியருக்குச் சம்பளம் தர வேண்டுமே. தெரிவுக்குழு மசோதாவின் உயிரை எடுத்தது. 1929இல் அம்பேத்கர் அதைத் திரும்பப் பெற்றார். தோல்விதான், அதை மழுப்ப வேண்டியதில்லை. ஆனால் இதற்குப் பிறகு அவர் தொழிலாளர் களத்தில் எடுத்த நிலைப்பாடுகள் பலவற்றை வதன் மசோதாவின் தொடர்ச்சியாகவே எங்களால் காண முடிகிறது.

பம்பாய்ப் பஞ்சாலைகளின் பெருவேலைநிறுத்தக் காலத்தில், நல்ல கூலி தரும் நெசவுப் பிரிவில் தலித்துகளை விடாததை அவர் சங்கத் தலைவர்களின் முன் வைத்தார். நாடாவில் நூலை வாயால் உறிஞ்சி இழுக்க வேண்டியிருந்ததால், தீட்டு என்று சக தொழிலாளர்களே தடுத்தனர். 1936இல் சுதந்திரத் தொழிலாளர் கட்சியைத் தொடங்கினார். 1938 பிப்ரவரியில் மன்மாடில் நடந்த தலித் இரயில்வே தொழிலாளர் மாநாட்டில், இரயில்வேயில் தலித் ஒருவர் காலமெல்லாம் தண்டவாளம் பராமரிக்கும் கேங்மேனாகவே இருப்பதன் காரணத்தைப் பிரித்துக் காட்டினார். போர்ட்டர் வேலைக்குக்கூட அவரை எடுப்பதில்லை. போர்ட்டரை நிலைய அதிகாரி தம் வீட்டு வேலைக்கும் பயன்படுத்திக்கொள்வார், தீண்டத்தகாதவரை வீட்டுக்குள் எப்படி விடுவது? பதிவேட்டில் உள்ள இரயில்வே வேலைக்கான தகுதியைப் பதிவேட்டில் இல்லாத வீட்டுவேலை தீர்மானித்தது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று, வேலைநிறுத்த உரிமையை ஒடுக்கிய தொழில் தகராறு மசோதாவை எதிர்த்துப் பம்பாயில் நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தில் கம்யூனிஸ்டுகளோடு கைகோத்தார்.

1942 ஜூலையில் வைஸ்ராயின் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் உறுப்பினரானார். இக்காலத்தைப் பற்றிச் சமூக ஊடகங்களில் சுற்றும் பட்டியல்கள் எங்களுக்கு நெருடலானவை. எல்லாத் தொழிலாளர் சட்டங்களையும் அவர் ஒருவரே இயற்றியதாக அவை சொல்கின்றன. ஊதியம் வழங்கல் சட்டம் அவர் பதவிக்கு வருவதற்கு முன்னரே, 1936இல் வந்துவிட்டது. எட்டு மணி நேர வேலை உலகத் தொழிலாளரின் நெடும் போராட்டம். இல்லாத பெருமையை ஏற்றுவதால் இருக்கும் பணி மறைகிறது. அவர் பொறுப்பில் இருந்தபோது, 1944இல், ரெகே தலைமையில் தொழிலாளர் நிலை விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. ஒப்பந்ததாரர் வழியாக ஆளெடுப்பதும் முதலாளிகள் சட்டக் கடமையைக் கைகழுவுவதும் அதன் ஆய்வுக்குள் வந்தன.

அதே 1944 செப்டம்பரில் அவர் சென்னை வந்தார். நீதிக்கட்சியினரும் பட்டியல் சாதி அமைப்பினரும் வரவேற்பளித்தனர். அகில இந்தியப் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் தலைவராக அப்போதிருந்தவர் சென்னையைச் சேர்ந்த என். சிவராஜ், எங்களைப் போல வழக்கறிஞர், சென்னைச் சட்டக் கல்லூரியில் ஆசிரியராகவும் இருந்தவர். பின்னாளில் அம்பேத்கர் பெயர் சூட்டப்பட்ட அக்கல்லூரி உயர்நீதிமன்ற வளாகத்தை ஒட்டி இருந்தது. அங்கிருந்து துறைமுகச் சுவருக்கு நடந்தே போய்விடலாம். சுவருக்கு அப்பால் இருந்த கூலிமுறை எங்கள் பாடத்திட்டத்தில் இல்லை.

1946 ஏப்ரல் 11 அன்று மத்திய சட்டமன்றத்தில் குறைந்தபட்ச ஊதிய மசோதாவை அறிமுகம் செய்தார். ஜூன் மாதத்தோடு பதவி முடிந்தது. மசோதா 1948இல், ஜகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சராக இருந்தபோது சட்டமானது. தோல் பதனிடுதல், சாலைப் பணி, கல் உடைத்தல், விவசாயக் கூலி என அதன் அட்டவணையில் இருந்த வேலைகளைப் பார்த்தாலே, எந்த மக்களின் கூலி பேசப்படுகிறது என்பது விளங்கும். கூலி விகிதத்தை நிர்ணயித்ததோடு அச்சட்டம் நிற்கவில்லை. 18ஆம் பிரிவு, யார் என்ன வேலை செய்தார், எவ்வளவு பெற்றார் என்ற பதிவேட்டை வைப்பது வேலை கொடுப்பவரின் கடமை என்றது. 20ஆம் பிரிவு, குறைத்துக் கொடுத்த தொகையையும் அதன் பத்து மடங்கு வரை இழப்பீட்டையும் கோர வழி தந்தது. வேறொருவர் மூலமாக ஆளெடுத்தவரும் முதலாளியே. பொருளை வாங்கிச் சென்று, முதலாளியின் கட்டுப்பாட்டில் இல்லாத தம் வீட்டிலோ வேறிடத்திலோ செய்து கொடுப்பவரும் ஊழியரே. மகர் வதனில் இல்லாமல்போன மூன்று, அதாவது பொறுப்பாளர், கணக்கு, முறையிடும் இடம், இங்கே சட்டத்தில் ஏறின.

குறைகளும் உண்டு. அட்டவணையில் இல்லாத வேலைக்குப் பாதுகாப்பு இல்லை. கோரிக்கைக்கு ஆறு மாதமே கெடு. அஞ்சி அஞ்சி ஓராண்டு கழித்து வந்தவர்களைக் காலதாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு நாங்கள் அழைத்துச் சென்றிருக்கிறோம். துறைமுகத்துக்குத் தனிச் சட்டம் 1948இல் வந்தது. அதன்கீழ் சென்னைக்கான திட்டம் 1956இல் உருவானது. பதிவு பெற்ற கப்பல் சரக்குத் தொழிலாளிக்கு எண்ணும் அட்டையும் இருந்தன. சரக்கு கன்டெய்னருக்குள் போய், வேலை துறைமுகச் சுவருக்கு வெளியே திருவொற்றியூர், மணலி யார்டுகளுக்கு நகர்ந்தபோது அந்த அட்டை கூடவே வரவில்லை.

அரசமைப்பின் 23ஆம் உறுப்பு பேகார் என்னும் ஊதியமில்லா உழைப்பையும் கட்டாய உழைப்பையும் தடை செய்தது. குறைந்தபட்ச ஊதியத்துக்கும் குறைவாகக் கொடுத்து வேலை வாங்குவதே கட்டாய உழைப்பு என்று, ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், 1982இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வழக்கிலும் தொழிலாளர்கள் ஒப்பந்ததாரர்கள் வழியே எடுக்கப்பட்டவர்கள்தாம்.

1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் பௌத்தம் ஏற்றார். அதற்கு ஆறு வாரம் கழித்து, நவம்பர் 23 அன்று, உச்ச நீதிமன்றம் சௌராஷ்டிரத்து உப்பளத் தொழிலாளர் வழக்கில் ஒரு தீர்ப்பு வழங்கியது. அகரியா எனப்படும் அத்தொழிலாளர்கள் விளைந்த உப்பின் எடைக்கேற்பக் கூலி பெற்றனர். உதவிக்குத் தாமே ஆள் வைத்துக்கொண்டனர். வேலை நேரக் கட்டுப்பாடும் இல்லை. ஆகவே தனி ஒப்பந்ததாரர்கள் என்றது நிறுவனம். வேலை எப்படி நடக்க வேண்டும் என்பதில் நிறுவனத்துக்கு மேற்பார்வையும் கட்டுப்பாடும் இருந்ததால் அவர்கள் தொழிலாளர்களே என்ற முடிவை நீதிமன்றம் உறுதிசெய்தது. எண்ணூர்க் கழிமுகத்தில் உப்பளங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இவ்வழக்கை விளக்குவது எளிது. எங்கள் ஓட்டுநர் மனுக்களில் இன்றும் முதலில் எடுத்துக்காட்டும் தீர்ப்பு அதுவே. பதின்மூன்று நாள் கழித்து, டிசம்பர் 6 அன்று, அம்பேத்கர் மறைந்தார். 1928இல் அவர் தொடங்கிய வதன் ஒழிப்பு, 1958ஆம் ஆண்டின் பம்பாய் கீழ்நிலைக் கிராம வதன் ஒழிப்புச் சட்டத்தால்தான் முழுமை பெற்றது.

2025 நவம்பர் 21 முதல் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்தின் இடத்தில் ஊதியச் சட்டத் தொகுப்பு நடைமுறைக்கு வந்திருக்கிறது. கோரிக்கைக்கான கெடு மூன்றாண்டாக நீண்டிருக்கிறது. கூலி கொடுத்ததை நிரூபிக்கும் சுமை வேலை கொடுத்தவர் மேல் வைக்கப்பட்டிருக்கிறது. இவை நல்ல மாற்றங்கள். ஆனால் வெளியிடத்தில் செய்து கொடுப்பவரையும் ஊழியராகக் கொண்ட அந்தப் பழைய வரையறை இத்தொகுப்பில் இல்லை. கிக் தொழிலாளர் என்ற சொல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் இருக்கிறது. முதலாளி-தொழிலாளி உறவுக்கு வெளியே உள்ளவர் என்று அதை வரையறுத்திருக்கிறார்கள். நலத்திட்டம் பேசப்படுகிறது, நிலுவைக் கூலியைக் கோரும் உரிமை பேசப்படவில்லை. ஆகவே நிரூபிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கு மாறுவதற்கு முன்பே, தாம் ஊழியர் என்பதை ஓட்டுநர் நிறுவியாக வேண்டும்.

அதற்குத்தான் அந்தப் பாக்கெட் நோட்டு. மூன்று மாத நிலுவை கேட்ட எங்கள் ஓட்டுநர்களின் வழக்கில், நோட்டின் ஒவ்வொரு வரியையும் தட்டச்சு செய்து, எந்த வழியில் போக வேண்டும், எத்தனை மணிக்குள் சேர வேண்டும் என்று நிறுவனம் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அவற்றுக்கு எதிரே அடுக்கியிருக்கிறோம். எல்லா டிரிப்புக்கும் செய்தி கிடைக்கவில்லை. ஒருவருடைய செல்பேசி மழையில் பழுதாகிவிட்டது. விடுபட்ட நாட்களுக்குத் துறைமுக வாயிலின் நுழைவுப் பதிவுகளை வரவழைக்கக் கோரும் மனுவைத் தாக்கல் செய்திருக்கிறோம். அது அடுத்த வாய்தாவில் விசாரணைக்கு வருகிறது.